தவறான நம்பிக்கை என்று நான் குறித்த வீடு

நான் செய்த தவறை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போனேன். அவள் கொடுத்த காபியைக் குடித்தேன். தன் குழந்தைக்காக அவள் பழகி வைத்திருந்த ஒரு கைவேலையை என்னை நம்பிக் காட்டினாள். அதை நோட்டில் எழுதிக்கொண்டு வந்து, அந்தக் கைவேலை இனி யாருக்கும் உதவாதபடி செய்தேன். பிறகு, அப்படிப்பட்ட வீடு ஏதாவது உண்டா என்று ஒரு கூட்டத்தில் நேருக்கு நேர் கேட்டார்கள். இல்லை என்றேன்.

இதற்காக யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. அந்த ஆண்டு எனக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

நம் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள், என் பணி அனுபவங்களை எழுதித் தரும்படி கேட்டீர்கள். எந்திரங்களைப் பற்றியும் சோதனை முறைகளைப் பற்றியும் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாகப் படித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். படிப்பில் வராத ஒன்றைத்தான் எழுதுகிறேன்.

ரேஷன் அரிசியில் சத்துச் சேர்க்க வேண்டும் என்று அரசு முடிவு செய்தபோது நான் இதே மைசூரில், இதே கட்டடத்தில், நடுத்தரப் பதவியில் இருந்தேன். நோக்கம் நல்லது. இதை இன்றும் சந்தேகமில்லாமல் சொல்வேன். ரத்தசோகையோடு வளர்கிற பெண் பிள்ளைகள் நம் நாட்டில் ஏராளம். அவர்களுக்கு மாத்திரை கொடுத்தால் பாதிப் பேர் விழுங்குவதில்லை. தினமும் தின்கிற சோற்றிலேயே இரும்புச்சத்து போய்ச் சேர்ந்தால் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. அரிசி மாவில் இரும்புச்சத்தும் வைட்டமின்களும் கலந்து, மறுபடி அரிசி வடிவத்திலேயே பிழிந்து எடுப்பார்கள். அதை நாங்கள் சத்து மணி என்போம். நூறு கிலோ சாதாரண அரிசிக்கு ஒரு கிலோ சத்து மணி. அவ்வளவுதான் திட்டம்.

சிக்கல் சமையலறையில் வந்தது. அரிசி களையும்போது சில மணிகள் மிதந்தன. நிறமும் கொஞ்சம் வேறு. பிளாஸ்டிக் அரிசி என்று கைபேசியில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டது. பெண்கள் மிதப்பதை வழித்துக் கொட்டினார்கள். நூற்றில் ஒன்றாகச் சேர்த்ததை அப்படியே சாக்கடையில் விட்டால் திட்டத்துக்கு என்ன அர்த்தம்? எதற்காகப் பொறுக்கி எறிகிறார்கள் என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு வரும் வேலையைத் திட்டத்தை மேற்பார்வையிட்ட குழு எங்கள் ஆய்வுக்கூடத்திடம் கொடுத்தது. தமிழ் தெரிந்தவன் என்பதால் தமிழ்க் குடும்பங்கள் இருக்கும் தெருக்கள் என் பங்குக்கு வந்தன.

கையில் ஒரு படிவம். சத்து மணியை அகற்றுவதற்கான காரணம் என்ற கேள்விக்குக் கீழே நான்கு கட்டங்கள். சுவை. நிறம் அல்லது மணம். தவறான நம்பிக்கை. சமைக்கும் முறை. ஏதாவது ஒன்றில் டிக் போட வேண்டும்.

செல்வியின் வீடு அக்ரஹாரத்துக்குப் பின்னால், ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்ட வரிசை வீடுகளில் ஒன்று. அவளுக்குக் கொள்ளேகாலை அடுத்த அனூர்ப் பக்கம். கணவர் கட்டட வேலை. அவள் ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவும் வேலையில் இருந்தாள். கதவைப் பாதி திறந்துகொண்டு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தாள்.

“என்ன, ரேஷன் கார்டைப் புடுங்க வந்திருக்கீங்களா?”

“இல்ல அம்மிணி, அரிசியப் பத்திக் கேட்டுட்டுப் போலாம்னுதான்.”

அம்மிணி என்ற சொல்லைக் கேட்டதும் கதவு முழுதாகத் திறந்தது.

“எந்தூருங்க நீங்க?”

“கொள்ளேகாலந்தான்.”

“அட, நம்ம பக்கம். உள்ள வாங்கண்ணா. கவிதா, அந்த சேர் மேல இருக்கற துணிய எடு.”

கவிதா மூத்த மகள். பி.யு.சி. முதல் வருடம், அதாவது பதினோராம் வகுப்பு, படித்துக்கொண்டிருந்தாள். இளையவள் தீபாவுக்கு அப்போது பத்து வயது இருக்கும். கட்டிலில் சாய்ந்தபடி கன்னடப் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளிறி இருந்தது.

“சத்து அரிசியப் பொறுக்கறீங்களா அம்மிணி?” என்று கேட்டேன்.

“பொறுக்காம? ஒண்ணு விடாமப் பொறுக்கறனுங்.”

“பிளாஸ்டிக்குன்னு சொல்றாங்களே, அதனாலயா?”

கவிதா சிரித்துவிட்டாள். “அங்கிள், அம்மாவ என்னன்னு நெனச்சீங்க? பிளாஸ்டிக்க வேக வெச்சா கஞ்சி வருமா?”

“சும்மா இரு புள்ள,” என்ற செல்வி, என் பக்கம் திரும்பினாள். “சின்னவளுக்கு ரத்தத்துல கொறைங்ணா. தலசீமியா. மாசம் ஒருக்கா பெரிய ஆஸ்பத்திரியில ரத்தம் ஏத்தோணும். ஏத்த ஏத்த ஒடம்புல இரும்பு சேந்துக்குமாம். ஈரல், நெஞ்சு எல்லாத்துலயும் போய் ஒக்காந்துக்குமாம். சாப்பாட்டுல இரும்பக் கொறைங்கம்மான்னு டாக்டர் சொன்னாரு. சொசைட்டியில அரிசி அளக்கறப்ப கவிதாதான் சாக்குல இருந்த இங்கிலீசைப் படிச்சா. இந்தச் சீக்கு இருக்கறவங்க டாக்டரக் கேட்டுட்டுத்தான் திங்கணும்னு போட்டிருந்துச்சாம். டாக்டரக் கேட்டேன். முடிஞ்சா பொறுக்கிருங்கன்னாரு. அன்னையிலருந்து பொறுக்கறன்.”

எப்படிப் பொறுக்குகிறீர்கள் என்று கேட்டேன். இந்தக் கேள்வி படிவத்தில் இல்லை. தொழில்காரனின் ஆர்வத்தில் கேட்டேன். அவள் முறத்தில் அரிசியைப் பரப்பிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“தண்ணியில மிதக்கறத மொதல்ல வழிச்சுருவன். அதுல பாதிதான் போகும். மீதிய வெயில்ல பாக்கோணும். நம்ம அரிசி கண்ணாடியாட்டம் வெளிச்சத்த விடும். இது சுண்ணாம்பாட்டம் நிக்கும். பாத்தீங்களா? அப்பறம் முனை. அரிசிக்கு முனை இருக்கும். இதுக்கு மொண்ணை. கண்ணு அசந்தாலும் வெரலு கண்டுபுடிச்சுரும்.”

பேசிக்கொண்டே பொறுக்கினாள். நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒன்றைக் கண்டுபிடிப்பதற்குள் அவள் உள்ளங்கையில் ஏழெட்டு இருந்தன.

“அண்ணனுக்கு வேலை குடுக்கலாம் போ,” என்று மகளிடம் சொல்லிச் சிரித்தாள். “இவரு பொறுக்கற வேகத்துக்கு மாசத்துல ஒரு நாளைக்குத்தான் சோத்துக்குத் தேறும்.”

மிதப்பது, வெளிச்சத்தை விடாதது, முனை மழுங்கியது. மூன்றையும் எழுதிக்கொண்டேன். அங்கேயே உட்கார்ந்து படிவத்தையும் நிரப்பினேன். நான்கு கட்டங்களில் எதிலும் அவள் சொன்ன காரணம் அடங்கவில்லை. வேறு காரணம் இருந்தால் தனித்தாளில் விளக்கம் எழுதி, மேலதிகாரி கையெழுத்து வாங்கி இணைக்க வேண்டும் என்று கடைசியில் ஒரு குறிப்பு இருந்தது. அன்று இன்னும் எத்தனையோ வீடு பாக்கி இருந்தது. தவறான நம்பிக்கை என்ற கட்டத்தில் டிக் போட்டேன். கையெழுத்துக்குப் படிவத்தை நீட்டியபோது அவள் ஒரு வார்த்தைகூடப் படிக்காமல் போட்டாள். ஊர்க்காரன் நீட்டிய தாள் அல்லவா!

இந்த இடத்தில் எனக்கு வழிகாட்டியாக இருந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் சேர்ந்த காலத்தில் ஆய்வுக்கூடத்துத் தலைவியாக இருந்தவர். அயோடின் உப்பு வந்த புதிதில் என்னையும் கூட்டிக்கொண்டு வீடுகளுக்குப் போவார். அப்போதும் ஒரு படிவம். வீட்டில் இருப்பது அயோடின் உப்பா, ஆம், இல்லை. ஒரு வீட்டில் சோதனைத் துளியை விட்டுப் பார்த்தோம், நிறம் மாறவில்லை. நான் ‘இல்லை’யில் டிக் போடப் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டு அம்மாவிடம் உப்பு வாங்கிய உறையைக் காட்டச் சொன்னார். அயோடின் உப்புதான். அடுப்புப் பக்கத்தில் மூடியில்லாத சட்டியில் கொட்டி வைத்திருந்ததில் அயோடின் பறந்துபோயிருந்தது. தலைவி ‘இல்லை’யில் டிக் போட்டுவிட்டு, ஓரத்தில் இரண்டு வரி எழுதினார்: வாங்கியது சரியான உப்பு, வைத்த இடம் தவறு. “ஓரம் எதுக்கு விட்டிருக்கான்னு நெனைக்கறே? ஃபைல்ல குத்தறதுக்கு மட்டுமா?” என்று கேட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஆய்வுக்கூடம் விநியோகித்த துண்டறிக்கையில் இருந்த, உப்பை மூடி வையுங்கள் என்ற வரி அந்த ஓரத்திலிருந்து வந்ததுதான்.

அவரிடம் பயின்றவன்தான் நான். செல்வியின் படிவத்திலும் ஓரம் இருந்தது. வெறுமையாக விட்டேன்.

மூன்று குறைகளையும் எடுத்துக்கொண்டு சத்து மணி செய்யும் தொழிற்சாலைக்குப் போனேன். அச்சை மாற்றினோம், அழுத்தத்தையும் ஈரப்பதத்தையும் மாற்றினோம். சில மாதங்களில் மணி மூழ்கியது. வெளிச்சத்தை விட்டது. இரண்டு பக்கமும் முனை வந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக வேலை செய்த காலம் வேறு இல்லை. செல்வியை நான் மறந்துவிடவும் இல்லை. அவள் விரல்களைத் தோற்கடிக்கும் மணி எது என்று யோசித்து யோசித்துத்தான் அதைச் செய்தேன். அந்த விரல்கள் எதற்காகப் பொறுக்கின என்பதை மட்டும் தள்ளி வைத்திருந்தேன். நம் தொழிலில் இது சுலபமாக நடக்கும். கணக்கு சரியாக விடைக்கு வருகிறபோது, கணக்கு எதற்காகப் போட்டோம் என்பது மறந்துபோகும்.

பிறகு அந்தக் கூட்டம். மேசை மேல் ஒரு தட்டில் கலந்த அரிசி. குழுவின் தலைவர் எல்லோரையும் ஒரு சத்து மணியாவது எடுத்துக் காட்டச் சொன்னார். கண்ணாடி போட்டவர்கள், போடாதவர்கள் எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஒருவராலும் முடியவில்லை. கைதட்டினார்கள். தொழிற்சாலை மேலாளர் என் தோளைத் தட்டினார்.

அடுத்த விவாதப் பொருள் ஒரு யோசனை. இரும்பு கூடாத நோய் உள்ள குடும்பங்களுக்கு, மருத்துவர் சீட்டைக் காட்டினால், ரேஷன் கடையில் சத்துச் சேர்க்காத அரிசி கொடுக்கலாமா? மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. “இரண்டு விதச் சாக்கு, இரண்டு விதக் கிடங்கு. கடைக்காரன் மாற்றிப் போடுவான். இது கெட்டது என்று இன்னொரு புரளி கிளம்பும்,” என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. தலைவர் என்னைப் பார்த்தார்.

“நீங்கள்தானே வீடுகளுக்குப் போனவர்? மருத்துவக் காரணத்துக்காகப் பொறுக்குகிற குடும்பம் ஒன்றையாவது பார்த்தீர்களா?”

எனக்கு எதிரே அந்தத் தட்டு. பார்த்தேன் என்று சொல்லியிருந்தால், படிவத்தில் ஏன் இல்லை என்று கேட்டிருப்பார்கள். பொய்க் குறிப்பு எழுதியவன் என்று ஆகியிருப்பேன். சற்றுமுன் கிடைத்த கைதட்டலும் இன்னும் காதில் இருந்தது.

“படிவங்களில் அப்படி எதுவும் இல்லை, சார்,” என்றேன்.

கவனமாகச் சொன்ன வாக்கியம். ஒவ்வொரு சொல்லும் உண்மை. தலைவர் தலையை ஆட்டிவிட்டு, யோசனை தேவையில்லை என்று எழுதச் சொன்னார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

நெருக்கடி என்றால் தீப்பிடிப்பதும் குழாய் வெடிப்பதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். என் வாழ்க்கையின் பெரிய நெருக்கடி, குளிர்சாதன அறையில், மரியாதையாகக் கேட்கப்பட்ட ஒரு கேள்வியாக வந்து போனது. அது நெருக்கடி என்று அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. தெரியவில்லை என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

புது மணி கடைகளுக்குப் போன கொஞ்ச நாளில், செல்வி என்ற அம்மா வந்திருக்கிறார் என்று காவலாளி கூப்பிட்டார். வரவேற்பறை பெஞ்சில் துணிப்பையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் கவிதா. என்னைப் பார்த்ததும் பையை அவிழ்த்து, செய்தித்தாளை விரித்து அரிசியைக் கொட்டினாள்.

“அண்ணா, இதப் பாருங்க. இந்த மாசம் ஒண்ணும் மிதக்கறதில்ல. வெயில்ல காட்டினாலும் தெரியறதில்ல. சத்து சேக்கறத நிறுத்திட்டாங்களா, இல்ல எனக்குத்தான் கண்ணு போச்சா? உங்களுக்குத்தான் தெரியும்னு வந்தனுங்.”

நானும் குனிந்தேன். தேடுவது போல் பாவனை செய்தேன் என்று நினைக்காதீர்கள், உண்மையாகவே தேடினேன். ஒரு மணிகூட அகப்படவில்லை. அகப்படாதபடி செய்தவன் நான்தான்.

“சேக்கறாங்க அம்மிணி. மணிய மாத்திட்டாங்க. வித்தியாசம் தெரியாத மாதிரி.”

“எதுக்குங்?”

“ஜனங்க பொறுக்கி எறியறாங்கன்னு.”

கவிதாதான் கேட்டாள். “அங்கிள், நாங்க ஏன் பொறுக்கறம்னு நீங்க சொல்லலியா?”

“சொன்னேன்” என்றேன். அதுதான் நேரடியான முதல் பொய். தொடர்ந்து, “ரொம்பக் கம்மி அளவுதாம்மா. ஒண்ணும் ஆகாது,” என்றேன்.

செல்வி அரிசியைத் தாளோடு மடித்துப் பையில் போட்டாள். “அப்ப எங்க டாக்டர் சொன்னது?” என்று கேட்டாள். “சரிங்க சார்,” என்று எழுந்தாள். அண்ணா என்பது போய்விட்டது.

பின்னாளில் சாக்கில் இருந்த அந்த எச்சரிக்கை வரியும் போய்விட்டது. அந்த அளவு இரும்பு இவர்களுக்கும் தீங்கு செய்யாது என்று வல்லுநர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கலாம். எனக்கு அதில் வழக்கில்லை. ஆனால் நான் டிக் போட்ட அன்றும், கூட்டத்தில் பதில் சொன்ன அன்றும் அந்த ஆராய்ச்சி என் கையில் இல்லை. தெரியாத ஒன்றை ஒரு தாயின் சார்பில் நான் தீர்மானித்தேன். பின்னால் வந்த விடை எனக்குச் சாதகமாக இருப்பதால் அது சரியாகிவிடாது.

ஓய்வு பெற்ற பிறகு, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் களப் பயிற்சி நடத்தக் கூப்பிட்டார்கள். உங்களில் சிலர் அந்த வகுப்பில் இருந்தீர்கள். நான்கு கட்டப் படிவம் ஒன்றை விளக்கிக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்து, “சார், அவங்க சொல்றது நாலுலயும் வரலன்னா?” என்று கேட்டாள். “கிட்டத்தட்ட எது வருதோ அதுல போடும்மா,” என்றேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். அவள் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்கு மேல் அன்று பாடம் நடத்த முடியவில்லை. தலைவலி என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன்.

அந்த வாரமே குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நடந்தது முழுவதையும், செல்வியின் பெயரை மட்டும் விட்டுவிட்டு, எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பதில் மரியாதையாக வந்தது. நான் சமர்ப்பித்த படிவங்களை மறுபடி எடுத்துப் பார்த்ததாகவும், மருத்துவக் காரணம் எதிலும் பதிவாகவில்லை என்றும், ஆவணத்துக்கு முரணான நினைவின் பேரில் நடவடிக்கை எடுக்க இயலாது என்றும் எழுதியிருந்தார்கள். என் டிக்கே எனக்கு எதிர்ச்சாட்சி.

அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு செல்வியின் வீட்டுக்குப் போனேன். அதே வீடு. கவிதாதான் கதவைத் திறந்தாள். “அம்மா, கொள்ளேகால் அங்கிள் பந்தித்தாரே,” என்று நான் வந்திருப்பதை உள்ளே பார்த்துக் கன்னடத்தில் சொல்லிவிட்டு, பழைய சிரிப்போடு சேரை இழுத்துப் போட்டாள். செல்வி வந்து நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டிக், மணி, கூட்டம், வரவேற்பறையில் சொன்ன பொய்.

“அப்ப எனக்குப் புத்தியில்லன்னு எழுதிட்டீங்களாக்கும்,” என்றாள்.

“தவறான நம்பிக்கைன்னு...”

“நல்லாருக்குங். பத்தாவது பெயிலு நானு. பெயிலுக்கு இவ்ளோ கௌரவமா ஒரு பேரு இருக்குதுன்னு இன்னிக்குத்தான் தெரியும்.”

அவள் சிரிக்கவில்லை.

“இப்ப என்ன அரிசி அம்மிணி?” என்று மெல்லக் கேட்டேன்.

கவிதா முந்திக்கொண்டாள். “கடை அரிசி அங்கிள். ரேஷன் அரிசிய எதிர்வீட்டுக்குக் குடுத்துருவோம். அம்மா இன்னொரு மண்டபத்துக்கும் போறாங்க. நான் கார்மெண்ட்ஸ்ல சேந்துட்டேன். அங்க கேம்ப்ல பாத்தாங்க, எனக்கு ரத்தம் ரொம்பக் கம்மியாம். ரேஷன்ல சத்து அரிசி வருதே, அதச் சாப்பிடும்மாங்கறாங்க!” என்று சொல்லிச் சிரித்தாள்.

“படிப்பு?”

“அரிசிக்காக நிறுத்தலீங்க,” என்றாள் செல்வி. “ஆஸ்பத்திரி, வாடகை, எல்லாந்தான். அரிசியும் அதுல ஒண்ணு. ஒரு வீட்டுல ரெண்டு ஒலை வெக்க முடியுங்களா? சின்னவளுக்கு ஆகாதது பெரியவளுக்கும் இல்லாமப் போச்சு. கவிதா, உள்ள போ நீ.”

அந்தத் திட்டம் யாருக்காகத் தீட்டப்பட்டதோ அந்தப் பெண் என் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அவள் தட்டுக்கு அது வந்து சேரவே இல்லை.

மாதாமாதம் நல்ல அரிசி ஒரு மூட்டை அனுப்புகிறேன் என்றேன். செல்வி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

“எங்க வீட்டுக்கு அனுப்புவீங்க. ரத்தம் ஏத்தற அன்னிக்கு அந்த வராண்டாவுல வந்து பாருங்க, எத்தன பேரு ஒக்காந்திருக்காங்கன்னு. எங்கிட்டச் சொன்னத அங்க வந்து சொல்லுங்க. முடியுங்களா?”

போனேன். மருத்துவமனை வராண்டாவில், குழந்தைகள் உள்ளே படுத்திருக்க, தாய்மார்கள் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். கன்னடத்திலும் தமிழிலும் சொன்னேன். நடுவில் குரல் உடைந்தது. ஒருவரும் தண்ணீர் தரவில்லை, அது நியாயம்தான். ஒரு பெண் கன்னடத்தில் கேட்டாள்: “அதெல்லாம் இருக்கட்டும். இப்போது அந்த அரிசியைத் தின்னலாமா, கூடாதா? அதைச் சொல்லுங்கள்.”

“தின்னலாம் என்கிறார்கள். எனக்குத் தெரியாது,” என்றேன். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மையான பதில் அது.

எல்லோருமாகச் சேர்ந்து ஒரு மனு எழுதினோம். மருத்துவர் சீட்டு இருந்தால் கலக்காத அரிசி வேண்டும், அவ்வளவுதான் கோரிக்கை. என் ஒப்புதலை முதல் பக்கமாக வைத்தோம். இந்த முறை குழு அசைந்தது. மனுவில் கையெழுத்திட்ட வீடுகளுக்கு ஆள் அனுப்பி நேரில் விசாரித்து எழுதி வரும்படி நம் ஆய்வுக்கூடத்துக்கு உத்தரவு வந்தது.

மீதி உங்களுக்கே தெரியும். உங்களில் இரண்டு பேர் போனீர்கள். வீடு வீடாகப் போயும் யாரும் பேசவில்லை. ஒருத்தி கதவுக்குப் பின்னால் நின்று, “மறுபடி எதை மாத்தறதுக்கு வந்திருக்கீங்க?” என்று கேட்டதாகச் சொன்னீர்கள். உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை. படிவத்தோடு வருகிறவனிடம் வாயைத் திறக்கக் கூடாது என்று அந்த வராண்டாவில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். பதிவு இல்லாவிட்டால் மனு விழுந்துவிடும். பதிவு வேண்டுமென்றால் அவர்கள் பேச வேண்டும். என் பொய் மட்டுமல்ல, என் உண்மையும் அவர்களுக்குக் குறுக்கே நின்றது.

கடைசியாக ஒரு முறை செல்வியைப் பார்க்கப் போனேன். இந்த முறை வீட்டுக்குப் போகவில்லை. மண்டபத்தின் பின்வாசலில், அவள் பெரிய அண்டா ஒன்றைக் கவிழ்த்துவிட்டு நிமிரும் வரை காத்திருந்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தபடி யோசித்தாள்.

“வரச் சொல்லுங்க. நான் பேசறன். மத்தவங்களயும் பேசச் சொல்றன். ஆனா ஒண்ணு. நான் சொல்லச் சொல்ல எழுதோணும். எழுதினதத் திருப்பி எனக்குப் படிச்சுக் காட்டோணும். படிச்சுக் காட்டாம அந்தத் தாளு என் வாசலத் தாண்டக் கூடாது.”

“சரி அம்மிணி.”

“நீங்க வராதீங்க.”

தலையசைத்தேன். திரும்பி நடக்கத் தொடங்கியபோது அவளே கூப்பிட்டு நிறுத்தினாள். கோபமாக இல்லை. விளங்க வைக்க வேண்டும் என்பது போல் நிதானமாகச் சொன்னாள்.

“கவிதா இருக்காளே, அவ இன்னும் உங்களக் கொள்ளேகால் அங்கிள்னுதான் சொல்றா. இத்தனையும் கேட்டுட்டு, அங்கிளுக்குப் பாவம், வயசாயிருச்சுங்கறா. ஆரு வந்து என்ன கேட்டாலும் உக்கார வெச்சு எல்லாத்தையும் சொல்லிருவா, அப்படி ஒரு புள்ள. எனக்கு அது போயிருச்சுங்க சார். அவளுக்குப் போக வேண்டாம்.”

நீங்கள் இருவரும் போனீர்கள். எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினீர்கள். இரண்டு இடத்தில் திருத்தச் சொன்னாளாம், திருத்தியதையும் மறுபடி படிக்கச் சொன்னாளாம். அவளுக்குப் பின் மற்ற வீடுகளும் திறந்தன என்று சொன்னீர்கள். மனு இப்போது குழுவின் முன் இருக்கிறது. முடிவு வந்தால் அவளிடம் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.